அப்பாவுக்கு நீல்ஸ் போர் சமாதியைப் பார்க்க வேண்டும், அம்மா ‘சுடுகாட்டுக்கு வரமாட்டேன்’ என்கிறார் – கோபன்ஹேகன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிப்படித்துறை:

எல்லாருக்கும் வணக்கம். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மாயவரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஜூன் மாதம் இரண்டு நாள் கோபன்ஹேகன் கூட்டிப் போக ரயில் டிக்கெட், தங்குமிடம் எல்லாம் எடுத்துவிட்டேன். கடல்கன்னி சிலை, அரண்மனை, படகுச் சவாரி என்று ஒரு பட்டியல் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘நீல்ஸ் போர் – சமாதி.’

அப்பா முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். பிளஸ் டூவுக்கு இந்த டேனிஷ் விஞ்ஞானி நீல்ஸ் போரின் அணு மாதிரி நடத்தும்போது கரும்பலகையில் வெறும் கையாலேயே வட்டம் வட்டமாகப் போடுவார், காம்பஸ் வைத்தது போல இருக்கும். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். அவர் வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை. இந்த ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் அவராகக் கேட்டது இது ஒன்றுதான்.

தேடிப் பார்த்ததில் நோர்ப்ரோ பகுதியில் அசிஸ்டென்ஸ் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம், அங்கேதான் அவர் இருக்கிறார் என்று தெரிந்தது. குழந்தைக் கதைகள் எழுதிய ஆண்டர்சனும் அங்கேதானாம். பூங்கா மாதிரி இருக்கும் என்கிறார்கள்.

பிரச்சினை அம்மா. ‘ஊர்ல சொந்தத்துல சாவு விழுந்தாலே நாம வாசலோட நின்னுக்கறவங்க. கடல் தாண்டி வந்து, காசு குடுத்து, சுடுகாட்டைச் சுத்திப் பாக்கணுமா? தரங்கம்பாடியில இந்த டேனிஷ்காரன் கல்லறை இருக்கு, மாயவரத்துலேர்ந்து பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். அதையே ஒருநாளும் போய்ப் பாத்ததில்ல’ என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. அப்பா உடனே, ‘சரி, அந்த வரியை அடிச்சுடு’ என்று சொல்லிவிட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கேள்விகள்: உண்மையிலேயே பூங்கா போலத்தான் இருக்குமா, இல்லை எட்டிப் பார்த்தாலே அம்மா பயந்துவிடுவாரா? அப்பாவுக்கு முட்டி வலி, நடை எவ்வளவு? சமாதியைக் கண்டுபிடிப்பது சுலபமா? டிக்கெட் உண்டா?

---

5ஏ_அண்ணை:

வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணத்தான், 1987-இல் இங்கே அகதியாக வந்தவன். முதல் பத்து வருசம் உங்கள் ஆர்ஹுஸ் இருக்கிற யூட்லாந்துப் பக்கம், பிறகு கோபன்ஹேகன். நோர்ப்ரோ வீதியால் போகிற 5ஏ பஸ் ஓட்டினேன். இப்போது அந்த வழியில் 5ஏ இல்லை, 5சி ஓடுகிறது; நானும் ஓய்வு எடுத்துவிட்டேன். அந்த மஞ்சள் மதிலை ஒரு நாளைக்கு எட்டுத் தரம் கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்பாவின் வரியை அடிக்க வேண்டாம்.

முதலில் வழி. மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி எம்3 மெட்ரோ எடுங்கள். அது வட்டமாகச் சுற்றுகிற பாதை, 2019-இல் திறந்தது. ‘நோர்ப்ரோஸ் ருண்டெல்’ நிலையத்தில் இறங்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, அப்பாவின் முழங்காலுக்குப் படி ஏறுகிற வேலை இல்லை. மேலே வந்தால் மதில் பக்கத்திலேயே நிற்கும். டிக்கெட் ஒன்றும் இல்லை, காலமை திறந்து இரவு பூட்டுவார்கள். வாசலில் பெரிய வரைபடப் பலகை இருக்கும். தோட்டத்தை எழுத்து வாரியாகப் பகுதி பிரித்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். எடுக்காமல் போனால் அலைச்சல்தான். நான் முதல் தரம் போரைத் தேடி முக்கால் மணித்தியாலம் சுற்றினேன், அதற்குள் மூன்று சிற்பிகளையும் ஒரு சாராய வியாபாரியையும் பார்த்தாயிற்று.

சாராய வியாபாரி என்று எப்படித் தெரியும் என்றால், கல்லிலேயே எழுதியிருக்கும். இந்தச் சனத்துக்குப் பழைய காலத்தில் அப்படி ஒரு பழக்கம். பேருக்கு முன்னால் தொழில்: கொத்தனார் மேஸ்திரி, மொத்த வியாபாரி, கப்பல் கப்டன். ஆண்டர்சனின் கல்லிலும் ‘கவிஞர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்’ என்றுதான் இருக்கிறது. உலகம் முழுக்கக் கதைக்காரர் என்று தெரிந்த மனிசன், அவருக்குக் கல்லில் கிடைத்தது கவிஞர் பட்டம். என் கல்லில் ‘பஸ் ட்றைவர்’ என்று போடச் சொல்லி மனிசியிடம் சொன்னேன். ‘உங்களை எரிக்கப் போறம், கல்லு எங்க?’ என்றா.

அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். சுடலைக்குப் பெண்டுகள் போகிறதில்லை, போய்வந்தவர் கிணற்றடியில் தோயாமல் வீட்டுக்குள் ஏறுகிறதில்லை. என் மனிசி இந்த மதில் ஓரமாக நடக்கவே மாட்டா, வீதியின் மற்றப் பக்கத்தால் போவா. ஆனால் பக்கத்தில் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே தினமும் காலமை பத்து மணிக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும். எங்கே? இந்தத் தோட்டத்துக்குத்தான். மஞ்சள் சட்டை மாட்டி, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வாண்டுகள் கல்லறைகளுக்கு நடுவில் வாத்து மாதிரிப் போகும். முதல் கிழமை அவவுக்கு நெஞ்சு இடி. இரண்டாம் கிழமை ஒரு பெடியன் ஆண்டர்சனின் கல்லடியில் நின்று, ‘இவர்தான் வாத்துக்குஞ்சுக் கதை எழுதின மாமா’ என்று சொன்னானாம். அதோடு சரி, இப்போது பின்னேரம் நடக்கப் போகிறதே அங்கேதான்.

எதற்காக இப்படி ஒரு தோட்டம் என்று அப்பா கேட்பார், வாத்தியார் அல்லவா. 1711-இல் கோபன்ஹேகனில் கொள்ளைநோய் வந்து இருபதாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். நகரம் மதிலுக்குள் இருந்தது, கோயில் வளவுகளில் புதைக்க இடமில்லை. கடைசியில் 1760-இல் மதிலுக்கு வெளியே இந்த நிலத்தை எடுத்தார்கள். அசிஸ்டென்ஸ் என்றால் உதவி, அதாவது மற்ற மயானங்களுக்குக் கைகொடுக்கிற மயானம். அப்போது இங்கே வந்தது ஏழைகள் மட்டும். காசு இருக்கிறவன் செத்தும் மதிலுக்குள்தான் கிடப்பேன் என்றிருந்தான். 1785-இல் ஆகுஸ்டின் என்று ஒரு பெரிய அரசாங்க உத்தியோகத்தர், ‘என்னை அந்த ஏழைகளின் நிலத்திலேயே போடுங்கள்’ என்று கேட்டு இங்கே வந்தார். பிறகு பார்த்தால் பெரிய மனிதர் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் துணிந்தால்தான் மற்றப் பெரியவர்களுக்குத் துணிவு வரும், எங்கட ஊரிலும் அப்படித்தானே.

இனி அப்பாவுக்கானது. போர் குடும்பக் கல்லறை உயரமான ஒரு கல்தூண், உச்சியில் ஒரு ஆந்தை உட்கார்ந்திருக்கும். ஆந்தையைத் தேடுங்கள், கண்டுபிடித்துவிடலாம். அம்மாவுக்கு ஒரு விசயம் சொல்லுங்கள்: அங்கே இருப்பது உடம்பு இல்லை, சாம்பல். 1962 நவம்பரில் போர் இறந்தபோது தகனம் செய்து அஸ்தியைத்தான் குடும்பத்தின் இடத்தில் வைத்தார்கள். பெற்றோரும் தம்பி ஹரால்டும் அங்கேதான். பல வருசத்துக்குப் பிறகு மனைவி மார்கரெத்தேயும் வந்து சேர்ந்தா. ஹரால்ட் பெரிய கணித மேதை, அதோடு 1908 ஒலிம்பிக்கில் டென்மார்க்குக்கு உதைபந்தாட்டம் ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். நீல்ஸும் கோல் காப்பாளராக ஆடியிருக்கிறார், ஆனால் தம்பி அளவுக்கு இல்லை.

மூத்த மகன் கிறிஸ்டியனின் சாம்பலும் அந்த இடத்தில்தான். 1934-இல் பாய்க்கப்பலில் போகும்போது பெடியன் கடலில் விழுந்து போனான். தகப்பன் போர் அதே கப்பலில்தான் நின்றார். நோபல் பரிசு வாங்கிப் பன்னிரண்டு வருசம் ஆன மனிசன். அந்தத் தூணடியில் நிற்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு அணு நினைவுக்கு வருவதில்லை.

அப்பாவுக்கு இன்னொருவரும் அங்கே இருக்கிறார், அதைச் சொல்லாமல் ஒளித்து வையுங்கள். ஆயர்ஸ்டெட். மின்சாரம் ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புகிறதை 1820-இல் கண்டவர். எந்தப் பிசிக்ஸ் வாத்தியாரும் அந்த ஊசியைத் திருப்பிக் காட்டாமல் ஓய்வு பெற்றிருக்க மாட்டார். அவரும் ஹான்ஸ் கிறிஸ்டியன், ஆண்டர்சனும் ஹான்ஸ் கிறிஸ்டியன். இரண்டு பேரும் நல்ல சிநேகிதம், பெரிய ஹான்ஸ் கிறிஸ்டியன், சின்ன ஹான்ஸ் கிறிஸ்டியன் என்று பகிடி வேறு. ஆண்டர்சனின் கதைகள் சாகாது என்று முதலில் சொன்னவர்களில் இந்த விஞ்ஞானியும் ஒருவர். இப்போது இருவரும் ஒரே மதிலுக்குள் கிடக்கிறார்கள்.

கபெல்வை தெருப் பக்கத்துப் பழைய பகுதியில் தத்துவஞானி கீர்க்ககோர் இருக்கிறார். டேனிஷில் கல்லறைத் தோட்டத்துக்குப் பெயரே ‘கீர்க்ககோர்’தான். ஆக, திருவாளர் மயானத்தின் மயானத்துக்குப் போய் வருவீர்கள். இதைச் சொல்லி ஒரு டேனிஷ்காரரும் சிரித்து நான் பார்த்ததில்லை, தமிழாட்கள் மட்டும் சிரிக்கிறார்கள். ஜாஸ் கேட்கிறவராக இருந்தால் பென் வெப்ஸ்டரையும் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பின சாக்ஸபோன்காரர், கடைசிக் காலத்தை இந்த ஊரில் கழித்தவர்.

நடுவில் நெட்டிலிங்கம் போல நிமிர்ந்த பொப்லர் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கிற நீளப் பாதை ஒன்று இருக்கிறது. சைக்கிள்கள் அதாலேதான் போகும், கவனம். வாங்குகள் போட்டிருக்கும். அம்மா உள்ளே வர விருப்பமில்லை என்றால் அந்த வாங்கில் இருக்கட்டும், அங்கிருந்து பார்த்தால் பூங்கா என்றுதான் தெரியும். வற்புறுத்த வேண்டாம்.

பிறகு யக்வை வீதியைக் கடந்தால் யேகர்ஸ்போர் தெரு. அங்கே கஞ்சி மட்டும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. ஓம், கஞ்சிதான். கடையின் பேரே டேனிஷில் கஞ்சி. விலையைப் பார்த்தால் அம்மா சுடலையை மறந்துவிடுவா.

---

நியாயத்தராசு:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நானும் போன வருடம் அங்கே போயிருந்தேன், ஒன்று மட்டும் ஒப்பவில்லை. நல்ல வெயில் நாள். புல்வெளியில் துண்டை விரித்து அரைகுறை உடையில் படுத்திருக்கிறார்கள், கையில் பீர். பத்தடி தள்ளிக் கல்லறை. நாங்கள் தூத்துக்குடிக் கத்தோலிக்கர்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போய்ப் புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, ஃபாதர் வந்து மந்திரித்துப் போகும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்போம். எங்கள் பாட்டி கல்லறையில் சாய்ந்து உட்கார்ந்ததற்கே நான் அடி வாங்கியிருக்கிறேன். இவர்களுக்கு இறந்தவர்கள் மேல் மரியாதை இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அம்மாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் வெயில் நாளாகப் பார்த்துப் போகாதீர்கள்.

---

தரமணிக்காரன்:

தங்கச்சி, அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். சிலசமயம் அவருக்கே தெரிந்திருக்கும். போர் சென்னைக்கு வந்திருக்கிறார், 1960 ஜனவரியில். அப்போது அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே, ஏகாம்ர நிவாஸ் என்று பெயர், மாணவர்களை வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் நடத்திக்கொண்டிருந்தார். போர் அந்த வீட்டுக்கு வந்து, அந்தப் பையன்களோடு உட்கார்ந்து பேசினார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை என்று பிறகு அவர் சொன்னதில் பம்பாயின் பெரிய டாடா ஆய்வு நிறுவனத்தோடு இந்த வீட்டுக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. விஷயம் நேரு காதுக்குப் போனது, அப்போது சென்னை மாநில அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் துணை நின்றார், 1962 ஜனவரி 3-ஆம் தேதி சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. அதே வருடம் நவம்பரில் போர் போய்விட்டார். அந்த நிறுவனம் இன்றைக்குத் தரமணியில் இருக்கிறது, நான் அங்கே இரண்டு வருடம் குப்பை கொட்டியவன். ஆந்தைத் தூணடியில் எங்கள் சார்பாகவும் அப்பா ஒரு நிமிடம் நிற்கட்டும்.

நேரம் இருந்தால் பிளெக்டம்ஸ்வை தெருவில் போர் 1921-இல் தொடங்கிய நிறுவனக் கட்டடத்தையும் வெளியிலிருந்து பார்க்கலாம். சமாதியிலிருந்து தூரம் அதிகமில்லை. குவாண்டம் இயற்பியல் மேதை ஹைசன்பர்க் ஏறி நடந்த படி அது.

---

5ஏ_அண்ணை:

தரமணித் தம்பி, அந்தச் சென்னைக் கதை எனக்குப் புதிது. இவ்வளவு காலம் அந்தத் தூணைப் பார்த்தும் தெரியாமல் இருந்துவிட்டேன்.

நியாயத்தராசு தம்பிக்கு. நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் படுக்கிறதற்கு என்று தனியாக ஒதுக்கின பகுதி அது, கல்லறை நெருக்கமாக இருக்கிற இடத்தில் அப்படிச் செய்தால் ஆட்களே சத்தம் போடுவார்கள். சாப்பாட்டுக் கூடையோடு இங்கே வருகிறது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை, 1800-களின் தொடக்கத்திலேயே இருந்தது. மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த சனத்துக்கு மரநிழல் கிடைத்தது இங்கேதான்.

மரியாதை இல்லை என்று சொன்னீர்கள். எனக்கும் வந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குளிர் தொடங்குகிற காலத்தில் ஒருதரம் போய்ப் பாருங்கள். நவம்பர் கடைசியில் ஒவ்வொரு கல்லறை மேலும் தேவதாரு இனக் கிளைகளை ஓலை வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுவார்கள். மண் உறைந்து செடி வேர் சாகாமல் இருக்கத்தான், ஆனால் பார்க்கிறவனுக்குப் போர்வை போர்த்தின மாதிரி இருக்கும். கிழவிகள் முழங்காலுக்கு ஒரு ரப்பர் மெத்தையைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, அதைச் செய்வார்கள். என் பஸ்சில் ஒரு அம்மா ஏறுவா. மடக்குக் கூடையில் ஒரு சின்ன மண்வாரி, ஒரு பிரஷ், தேத்தண்ணிப் போத்தல். புதன்கிழமை தோறும். ஒருநாள் இறங்கும்போது கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். ‘அவருக்கு நத்தை பிடிக்காது’ என்று மட்டும் சொன்னா. கல்லில் ஊர்கிற நத்தையைத் துடைக்கத்தான் அந்தப் பிரஷ்.

இங்கே நிறையக் கல்லில் ஒரே வாசகம் இருக்கும்: ‘தக் ஃபோர் ஆல்ட்’. எல்லாத்துக்கும் நன்றி. பேர் கூட இல்லாமல் அது மட்டும் எழுதின கல்லும் கண்டிருக்கிறேன்.

எனக்குக் குறை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். இந்த நாட்டில் கல்லறை நிலம் நிரந்தரம் இல்லை, தவணைக்கு. சாம்பல் என்றால் பத்து வருசம், பெட்டி என்றால் இருபது வருசம் என்கிற கணக்கு. முடிந்ததும் குடும்பம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லைக் கிளப்பி இடத்தைச் சமன் செய்துவிடுவார்கள். யூட்லாந்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதன் ஒருவன், மன்னார்ப் பெடியன், கத்தோலிக்கன், 1991-இல் வாகன விபத்தில் போனான். அங்கேயே ஒரு சேமக்காலையில் அடக்கம் செய்தோம். தாய் தகப்பன் ஊரில், இங்கே அவனுக்கு ஆளில்லை. கடிதத்துக்கு என் பழைய விலாசத்தைக் கொடுத்திருந்தேன், நான் வீடு மாறினபோது அறிவிக்க மறந்துபோனேன். இருபத்திரண்டாம் வருசம் பூவோடு போனால் அவன் இருந்த இடத்தில் புல். நல்ல சீராக வெட்டின புல். அங்கே வேலை செய்த மனிசன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், மதிலோரம் சாய்த்து வைத்திருந்த கல்லுகளில் தேடினான். கிடைக்கவில்லை. கோப்பி ஊற்றித் தந்தான்.

அவர்கள்மேல் கோபிக்க எனக்கு இடமில்லை, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆண்டர்சனின் கல்லை யாரும் கிளப்பப் போவதில்லை. ஆண்டர்சனோடு அதே இடத்தில் கிடந்த அவரது உயிர் நண்பன் எட்வர்ட் கொலினையும் மனைவியையுமே பிறகு குடும்பத்தார் வேறு கல்லறைக்குக் கொண்டுபோனார்கள், அவர் மட்டும் தனியே இருக்கிறார். அதனால் நான் போனால் பேர்போனவர்களைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் பேர் அழிந்துபோகிற கல்லுகளையும் ஒருதரம் வாசித்துவிட்டு வருவேன். வாசிக்க எனக்குச் செலவு ஒன்றும் இல்லை.

பிள்ளை, ஒன்று விட்டுவிட்டேன். தண்ணிக் குழாயடியில் பச்சை நிறப் பூவாளிகள் கொக்கியில் தொங்கும், யாரும் எடுக்கலாம். அப்பா முகம் கழுவ நினைத்தால் அந்தக் குழாய் உதவும்.

---

காவிரிப்படித்துறை:

போய் வந்துவிட்டோம்! பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அண்ணை, உங்கள் பதிவை அம்மாவுக்கு ரயிலில் முழுசாகப் படித்துக் காட்டினேன். வாத்து மாதிரி போகிற குழந்தைகள் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மன்னார்ப் பையன் கதையில், ‘அவங்க அம்மாவுக்கு யாரு சொல்லியிருப்பா?’ என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

‘நான் வாசல்ல நிக்கறேன்’ என்று ஆரம்பித்தவர், வாசலில் வெயில் அடித்ததால் மரப் பாதை பெஞ்சு வரைக்கும் வந்தார். முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான். எங்களுக்கு முன்னாலேயே ஒரு இளம் தாய் குழந்தை வண்டியை நிறுத்திவிட்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ஆந்தையைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. தரமணி அண்ணா, சென்னைக்கு வந்தது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அந்த வீட்டுக் கதை தெரியாது. தூண் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கைகூப்பவில்லை. வகுப்பறையில் எப்படிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாரோ அப்படி. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார், மகன் பெயர் வந்ததும் வருடத்தைக் கணக்குப் போட்டு, ‘பதினேழு வயசு’ என்றார்.

ஆயர்ஸ்டெட்டை அண்ணை சொன்னபடி ஒளித்துத்தான் வைத்திருந்தேன். கல்லைப் பார்த்ததும் அப்பா சிரித்துவிட்டார், சத்தமாக. பள்ளியில் அந்த ஊசிச் சோதனைக்கு ஒவ்வொரு வருடமும் பேட்டரி செத்துப்போயிருக்குமாம். பியூனின் டிரான்சிஸ்டரைப் பிரித்து இரண்டு செல்லை உருவித்தான் முப்பத்திரண்டு வருடமும் ஊசியைத் திருப்பினாராம். ‘இவருக்கு அந்தப் பியூன் தெரியணுமே’ என்றார்.

திரும்பி வந்தால் பெஞ்சில் அம்மா இல்லை. கொஞ்சம் பதறித்தான் போனேன். பார்த்தால் நாலு வரிசை உள்ளே, ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால், கையில் பச்சைப் பூவாளி. அதில் சிவப்பு பிகோனியா மாதிரி ஏதோ ஒரு செடி, வெயிலில் துவண்டு கிடந்தது. ‘மூணு நாளா யாரும் தண்ணி ஊத்தல போல, அதுக்கு என்ன தெரியும் சுடுகாடுன்னு’ என்றார் அம்மா. கல்லில் பெயர் பாதி பாசி. கீழே அண்ணை சொன்ன அந்த நன்றி வாசகம் இருந்தது, நான் படித்துச் சொன்னேன். ‘அதைத்தான் எழுதியிருக்கா?’ என்று கேட்டுவிட்டு மிச்சத் தண்ணீரைப் பக்கத்துச் செடிக்கு ஊற்றினார்.

அதற்காக மனசு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தங்குமிடத்துக்கு வந்ததும் மூன்று பேருக்கும் தலைக்குக் குளியல், போட்டிருந்த துணி எல்லாம் வாளியில். ஜூன் மாதம் என்றுதான் பெயர், அப்பா நடுங்கிப் போனார்.

நியாயத்தராசு சார், வெயில் நாள்தான், படுத்தும் இருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கஞ்சிக் கடைக்கும் போனோம். அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி, மேலே ஆப்பிள், கேரமல், பாதாம். ஒரு கரண்டி வைத்துவிட்டு, ‘இதுல எதுக்கு வெல்லம்?’ என்று கேட்டுப் பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துவிட்டார். விலையை இன்னும் சொல்லவில்லை.

---

5ஏ_அண்ணை:

நல்லது பிள்ளை. சந்தோசம். வாசித்துவிட்டு மனிசிக்கும் காட்டினேன், அவ கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: அம்மா பூவாளியைத் திருப்பிக் கொக்கியில் கொழுவினவவோ?

---

காவிரிப்படித்துறை:

கொழுவிட்டார் அண்ணை. நிரப்பிக் கொழுவினார்.